சுவர் யாருடையது, தண்ணீர் யாருடையது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நம் குடியிருப்பில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழை. மயிலத்தில் அதைவிட அதிகம். காலையில் எட்டிப் பார்த்தால், கிழக்குப் பக்கக் காம்பவுண்டுச் சுவரில் 42 அடி நீளம் பக்கத்து முந்திரித் தோப்புக்குள் படுத்துக் கிடந்தது. கூடவே இரண்டு முந்திரி மரங்களும்.

அதற்குப் பிறகு நடந்த பொதுக்குழுக் கூட்டங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு தரப்பு, கார்பஸ் நிதியில் எடுத்து நாமே கட்டிவிடலாம் என்றது. இன்னொரு தரப்பு, சுவர் இரண்டு பேருக்கும்தானே பயன்படுகிறது, பாதிச் செலவைத் தோப்புக்காரர் தரட்டும் என்றது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று சொன்னவர்களும் உண்டு. செயலாளர் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். பெரியவர் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "சார், சுவர் நீங்க வந்த அப்புறம் வந்தது. அதுக்கு முன்னாடி இங்க கள்ளி வேலி இருந்தது. கள்ளிக்கு யாரும் எஸ்டிமேட் போட்டதில்ல."

கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. "பொதுச் சுவர் விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பாதி தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே, இல்லையா?" எனக்கும் அப்படி எங்கோ கேள்விப்பட்ட ஞாபகம். தேடிப் பார்த்ததில் தெரிந்தது: அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான். நம் ஊரில் இல்லை. கூப்பிடு தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம்.

இரும்பையில் குடியிருப்பவர்களுக்கு எல்லை புதிதல்ல. இங்கிருந்து கடற்கரைச் சாலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆலங்குப்பமும் காலாப்பட்டும் புதுச்சேரி. கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கும் நம் இரும்பை, 1801-ல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனி வசமானதிலிருந்து ஆங்கிலேயரின் தென்னார்க்காடு. அந்தப் பக்கம் பிரெஞ்சு இந்தியா. மண் ஒன்று, மழை ஒன்று, பேச்சு ஒன்று. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, விழுந்த சுவரைப் பற்றி இரண்டு பக்கமும் இரண்டு வெவ்வேறு சட்டங்கள் இருந்தன.

முதலில் இரண்டு சட்டங்களுக்கும் முந்தைய காலம். சோழர் செப்பேடுகளில் நிலம் தானமாகக் கொடுக்கும்போது எல்லையைக் குறித்த விதத்தைப் பள்ளியில் படித்திருப்போம். பெண் யானை ஒன்றை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியே எல்லையாக, கல்லும் கள்ளியும் நட்டார்கள். லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற ஆனைமங்கலம் செப்பேடுகளில் இது இருக்கிறது. கல்லை மட்டும் நட்டிருக்கலாமே, கள்ளி எதற்கு? கல்லை இரவோடு இரவாகப் பிடுங்கி நகர்த்திவிடலாம். நன்றாக வேர்விட்ட கள்ளி வரிசையை அப்படி நகர்த்த முடியாது; பிடுங்கினால் ஊருக்கே தெரியும். கல் எல்லையைக் காட்டும், கள்ளி அந்தக் கல்லுக்குச் சாட்சி சொல்லும். தோப்புப் பெரியவர் கள்ளியைச் சொன்னபோது ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தைத்தான் சொன்னார்.

தகராறு வந்தால்? வடமொழி அர்த்தசாஸ்திரம் இதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. வீடு, வயல் பற்றிய வழக்குகளுக்கு அண்டை அயலார் சொல்தான் ஆதாரம். வயல் எல்லை வழக்கை அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் தீர்க்க வேண்டும். அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபட்டால் நேர்மையானவர்கள் அதிகம் பேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், இல்லையென்றால் நடுக்கோடு. நூலில் எழுதியது எல்லா ஊரிலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுக்கோடு என்ற யோசனை இன்றைக்கும் நம் வராண்டாக்களில் காதில் விழுவதுதான்.

வேலி என்பதே அன்று வேறு பொருள். இலந்தை முள் படல், கிளுவைக் கம்பு, கற்றாழை, நடுவே நிற்கும் பனை. படல் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. ஆகவே பழுதுபார்ப்பது என்பது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு அல்ல. ஆண்டுதோறும் வரும் வேலை. பணம் புரளாது, உடம்பு உழைப்பு மட்டும்தான். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே நாளில் வேலி ஓரம் நிற்க நேரும். நிற்காவிட்டால், கட்டுகிறவர் ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிவிடுவார் என்ற பயமும் சேர்ந்து நிற்க வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேலி நடக்கும் என்று கிராமத்தில் சொல்வது சும்மா அல்ல.

கம்பெனி ஆட்சி இங்கே வந்ததும் எல்லைத் தகராறுகளை என்ன செய்வது என்று தெரியாமல் திணறியது. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816-ல் சென்னை மாகாணத்தில் வரிசையாகப் பல ரெகுலேஷன்கள் வந்தன. கிராம முன்சீப், கிராமப் பஞ்சாயத்து எல்லாம் அதில் பிறந்தவை. அந்த ஆண்டின் 12-ஆவது ரெகுலேஷன், எல்லைத் தகராறு சம்பந்தமான நில வழக்குகளைப் பஞ்சாயத்துக்கு அனுப்பக் கலெக்டருக்கு வழி செய்தது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் மக்கள் கச்சேரிப் படிகளையே அதிகம் ஏறினார்கள். சர்க்கார் முத்திரை போட்ட பஞ்சாயத்து, ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து ஆகிவிடுமா என்ன?

அடுத்து வந்தது சங்கிலி. 1858-ல் சென்னை மாகாண ரெவின்யூ சர்வே தொடங்கியது. 66 அடி நீளமுள்ள சங்கிலி, அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண், மூலைக்கு மூலை கல், புல வரைபடம். 1860-ல் எல்லைக் குறிகளை நட்டுப் பராமரிக்கவும் எல்லைத் தகராறுகளைத் தீர்க்கவும் தனிச் சட்டம். அதன் வழிவந்ததுதான் இன்றும் நடப்பில் உள்ள 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம். இதன் 15-ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற நில உரிமையாளர் ஒவ்வொருவரும் தன் நிலத்தின் எல்லையில் உள்ள சர்வே கற்களைப் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் கடமைப்பட்டவர். நம்மில் எத்தனை பேர் நம் வளாகத்து மூலைக் கல்லைப் பார்த்திருக்கிறோம்? நானும் பார்த்ததில்லை, இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை. வடகிழக்கு மூலைக் கல் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பாதி புதைந்து கிடக்கிறது.

கவனியுங்கள்: கல்லைப் பராமரிக்கச் சட்டம் வந்தது. வேலியைப் பராமரிக்க வரவில்லை. சர்க்காருக்கு வேண்டியது தீர்வை. யார் எத்தனை ஏக்கருக்குக் கட்ட வேண்டும் என்று தெரியக் கல் போதும். நடுவில் முள் இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்பது அதன் கவலை அல்ல. மாடு வயலில் புகுந்தாலும் அதே கணக்குத்தான். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வயல்காரரை வேலி போடச் சொல்லவில்லை. மேய்ந்த மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்கச் சொன்னது. மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளட்டும்.

இதன் மேல் வந்தது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். இந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மூன்று பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. மற்றவை மத்திய மாகாணமும் குடகும். வெளிச்சம், காற்று, வழி, நீரோட்டம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் செலவு விஷயத்தில் கறாரானது. ஒரு வசதியை அனுபவிப்பவர் அதற்கான பழுதுபார்ப்பைத் தன் செலவில் செய்துகொள்ள வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் அவருக்காக எதையும் செய்யக் கடமைப்பட்டவர் அல்ல. பொதுச் சுவரை இருவரும் சேர்ந்து பழுதுபார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட இதில் இல்லை.

சுவர் இருவருக்கும் கூட்டாகச் சொந்தம் என்று பத்திரத்தில் இருந்தால்? அப்போதும் எளிதல்ல. 1890-களில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பொதுச் சுவரின் மேல் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் உயர்த்திக் கட்டிவிட்டார். கட்டியதை இடிக்கச் சொன்னது நீதிமன்றம். கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய முடியாது என்பதுதான் அதன் கருத்து. நியாயம்தான். ஆனால் இதன் மறுபக்கம், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்க மறுத்தால் நல்ல வேலையும் நின்றுபோகும்.

இப்போது எல்லையைத் தாண்டுவோம். நெப்போலியன் காலத்தில், 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு புதுச்சேரியில் 1819 ஜனவரி 6 ஆணையால் அறிவிக்கப்பட்டது. கூடவே, இந்தியர்கள் முன்போலவே தங்கள் சாதி வழக்கப்படி நியாயம் பெறுவார்கள் என்றும் அந்த ஆணை சொன்னது. வழக்கம் எது என்று நீதிபதிகளுக்குச் சொல்ல உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு 1827-ல் அமைந்தது. திருமணம், வாரிசு, தத்து எல்லாம் வழக்கத்தின் வழியில் போயின. சுவரைப் பற்றியோ இந்தத் தொகுப்பு நிறையப் பேசுகிறது. வைசியாள் வீதி போன்ற புதுச்சேரியின் பழைய தமிழ்த் தெருக்களில் நடந்தவர்களுக்கு அது ஏன் முக்கியம் என்று புரியும். அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.

இரண்டு சொத்துகளுக்கு நடுவே நின்று இருவருக்கும் பொதுவான சுவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'மித்துவாயென்' என்று பெயர் வைத்தார்கள். அதைப் பற்றிய விதிகள் 653-இல் தொடங்கி இருபதுக்குக் குறையாமல் நீள்கின்றன. கட்டடங்களுக்கு இடையிலும், முற்றம், தோட்டங்களுக்கு இடையிலும் உள்ள சுவர், வேறுவிதமாக ஆவணமோ அடையாளமோ இல்லாவிட்டால், இருவருக்கும் பொது. பழுதுபார்ப்பதும் திரும்பக் கட்டுவதும் உரிமை உள்ள எல்லோருடைய செலவு, அவரவர் பங்கின்படி. வேலிச் செடிக்கும் அப்படியே. ஒரு பக்கத்து நிலம் மட்டும் நான்கு புறமும் அடைக்கப்பட்டிருந்தால்தான் விதிவிலக்கு.

கூட்டத்தில் நம் நண்பர் கேட்டது இந்தச் சட்டத்தைத்தான். ஆனால் அவர் கேள்விப்படாத சில பகுதிகளும் இதில் இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை அவைதான்.

ஒன்று, கைவிடும் உரிமை. செலவு செய்ய முடியாதவர், தன் கட்டடம் எதுவும் அந்தச் சுவரைத் தாங்கி நிற்காத பட்சத்தில், "சுவரில் எனக்குள்ள பங்கை விட்டுவிட்டேன்" என்று சொல்லி விலகிக்கொள்ளலாம். பங்கும் போயிற்று, செலவும் போயிற்று. ஏழை அண்டை வீட்டுக்காரரை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறகு அவருக்கு வசதி வந்து அந்தச் சுவரில் பங்கு வேண்டுமென்றால், சுவர் மதிப்பில் பாதியும் அது நிற்கும் மண்ணின் மதிப்பில் பாதியும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சுவர்க்காரர் மறுக்க முடியாது.

உயர்த்திக் கட்டுவதிலும் சென்னைத் தீர்ப்புக்கு நேர் எதிர். பொதுச் சுவரைப் பங்குதாரர் யாரும் உயர்த்தலாம். உயர்த்தும் செலவும், அந்த உயரப் பகுதியின் பராமரிப்பும், கூடுதல் பாரத்துக்கான ஈடும் அவருடையது. அனுமதி கிடைக்கவில்லை என்று வேலை நிற்காது. காசை மட்டும் வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, சுவரின் தலை. ஆவணம் இல்லாதபோது சுவர் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரின் உச்சியைப் பார் என்கிறது 654-ஆம் விதி. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால், சரிவு உள்ள பக்கத்துக்காரருடையது சுவர். மழைத்தண்ணீர் யார் மனையில் விழும்படி கொத்தனார் சரிவு வைத்தாரோ அவருக்கே சொந்தம். ஏனென்றால் அடுத்தவர் மனையில் தன் தண்ணீரை விட யாருக்கும் உரிமை இல்லை. விடவில்லை என்பதே அது தன் சுவர் என்பதற்கு அடையாளம். நம் ஊர்க் கொத்தனார்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். பாரிஸில் எழுதிய சட்டமும் திண்டிவனத்துக் கரணையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனாலும் இந்தச் சட்டத்தில்கூட, சுவர் எழுப்பப் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துவது நகரங்களிலும் அவற்றின் புறநகர்களிலும் மட்டும்தான். பெரிய நகரத்தில் குறைந்தது 3.2 மீட்டர், சிறிய நகரத்தில் 2.6 மீட்டர் உயரம் என்று அளவும் சொன்னது. நாட்டுப்புறத்துத் தோப்புக்காரரிடம், எனக்குச் சுவர் வேண்டும், நீ பாதி கொடு என்று பிரெஞ்சுச் சட்டத்தின்கீழும் கேட்க முடியாது.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு இந்தியா நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-ல். 1963-லும் 1968-லும் வந்த சட்டங்கள் வழியே இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்குக் கொத்துக் கொத்தாக நீட்டிக்கப்பட்டன. சுவரைப் பற்றிய விரிவான ஒரு விதித் தொகுப்பு நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இந்தியா அதைப் பின்பற்றித் தன் சட்டத்தில் ஒரு அத்தியாயம் எழுதிக்கொள்ளவில்லை. இது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன். லண்டன்காரர்கள் 1666 பெருந்தீக்குப் பிறகு, அடுத்த ஆண்டே பொதுச் சுவர் விதிகளோடு நகரைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் இப்போது 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுவரில் கை வைக்குமுன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு சர்வேயரோ இருவருக்கும் பொதுவாக ஒருவரோ தீர்ப்பு எழுதுவார்கள். நமக்கு மிஞ்சியது சிவில் கோர்ட்டு. 42 அடிச் சுவருக்கு அங்கே போனால் என்ன ஆகும் என்பது கூட்டத்தில் நோட்டீஸ் யோசனை சொன்னவர்களுக்கே தெரியும்.

இத்தனையும் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நம் கிழக்குச் சுவரில் விழாமல் நிற்கும் பகுதியைப் பார்த்தேன். உச்சியில் பூச்சு நம் பக்கம் சரிந்திருக்கிறது. பிறகு தாலுகா சர்வேயரை வைத்துப் புல வரைபடப்படி அளந்ததும், சுவரின் அடித்தளம் முழுவதும் நம் எல்லைக்குள் அரையடி தள்ளி இருப்பது தெரிந்தது. பத்திரத்தின் செக்குபந்தியிலும் கிழக்கே 'முந்திரித் தோப்பு' என்றுதான் இருக்கிறது; பொதுச் சுவர் என்ற சொல் எங்கும் இல்லை. ஆக, பிரெஞ்சுக் கணக்கில் பார்த்தாலும் ஆங்கிலேயர் கணக்கில் பார்த்தாலும் சுவர் நம்முடையது. பாதி கேட்க முகாந்திரம் இல்லை.

அதோடு முடியவில்லை. சுவர் ஏன் தோப்புப் பக்கம் விழுந்தது? கட்டும்போது வளாகத்தை மேடாக்க நம் பக்கம் இரண்டடிக்கு மேல் மண் கொட்டியிருக்கிறார்கள். தோப்பு பழைய மட்டத்திலேயே இருக்கிறது. வெறும் காம்பவுண்டுச் சுவராகக் கட்டியது, மண்ணைத் தாங்கும் சுவராக மாறிவிட்டது. அதற்கேற்ற கனமும் இல்லை. நீர் வடிய ஒரு துளைகூட வைக்கவில்லை. அந்த இரவு மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் அந்த ஓரத்தில்தான் இறங்கியது. மண் ஊறி, தண்ணீரின் பாரமும் சேர்ந்து தள்ளியதில் சுவர் சாய்ந்தது. யாரும் தோப்பிலிருந்து தள்ளவில்லை.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களும் ஆச்சரியமாக ஒத்துப்போகின்றன. மேட்டு நிலத்தில் இயற்கையாக விழும் மழைநீர் பள்ளத்து நிலத்துக்கு இயற்கையாக ஓடுவதைப் பள்ளத்துக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது நம் 1882 சட்டம். பிரெஞ்சுத் தொகுப்பின் 640-ஆம் விதியும் அதையே சொல்லி, இரண்டு நிபந்தனைகளை வெளிப்படையாகச் சேர்க்கிறது: அந்த நீர் மனிதக் கை படாமல் வர வேண்டும், மேட்டுக்காரர் பள்ளத்துக்காரரின் பாரத்தைக் கூட்டக் கூடாது. நம்முடையது கை படாத தண்ணீர் அல்ல. மண் கொட்டிய கை, குழாய் இறக்கிய கை, துளை வைக்க மறந்த கை எல்லாம் அதில் பட்டிருக்கின்றன. நாம் சுவர் யாருடையது என்று மூன்று கூட்டம் பேசினோம். பெரியவர் தண்ணீர் யாருடையது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் பதில் இல்லை.

தண்ணீரையும் கரையையும் சேர்த்தே பார்ப்பவர்கள் நமக்கு வடக்கே இருக்கிறார்கள், மரக்காணம் உப்பளத்தில். எயிற்பட்டினம் என்று சங்க நூல் சொல்லும் ஊர் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்; எயில் என்றால் மதில். ஆனால் அங்கே ஊரைக் காப்பாற்றுவது மதில் அல்ல, முழங்கால் உயரம்கூட இல்லாத களிமண் வரப்பு. கடல் நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் வற்றி, போமே அளவில் 25 டிகிரி அடர்த்தியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். நடு வரப்பு உடைந்தால் முற்றிய நீரும் இளநீரும் கலந்து இரண்டு பாத்தி உழைப்பும் வீண். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியை மிதித்து வரப்பைத் திரும்பப் போடுவதுதான் ஆண்டின் முதல் வேலை. வரப்பை யார் உடைத்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தால் பருவம் போய்விடும்.

நம் செம்மண் மேட்டிலும் இதே பாடம்தான். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இங்கே மழைநீர் மண்ணை அரித்துப் பெரிய பள்ளங்களாக்கி வைத்திருந்தது. மரம் நடுவதற்கு முன் அவர்கள் செய்தது இரண்டு: ஆடு மாடு புகாமல் உயிர்வேலி, தண்ணீர் ஓடாமல் மண் வரப்பு. அவர்களுடைய நிலமும் கிராமத்தார் நிலமும் மாறி மாறிக் கிடக்கின்றன. ஒருவர் வரப்பு போட்டால் அடுத்தவர் நிலத்துக்குப் போகும் நீர் மாறும். வேலி ஆட்டை நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது.

கடைசியாக நம் கதை. சென்ற மாதச் செயற்குழுவில் அளவு வரைபடத்தையும் புகைப்படங்களையும் வைத்துப் பேசியதில், சுவரை முழுவதும் நம் செலவில் கட்டுவதென்று முடிவானது. ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய வாதத்தைப் பதிவேட்டில் முழுமையாக எழுதியிருக்கிறோம். புதுச் சுவருக்கு அகலமான அடித்தளம், ஐந்தடிக்கு ஒரு நீர் வடியும் துளை, நம் பக்கத்து ஓரத்தில் சரளைக் கல் நிரப்பிய வாய்க்கால். மொட்டை மாடிக் குழாய்கள் கிழக்கே இறங்காமல் தெரு வடிகாலுக்குத் திருப்பப்படும். துளை வழியே கசியும் நீர் தோப்புக்குள்தான் போகும் என்பதால், அதையும் ஒளிக்காமல் பெரியவரிடம் சொல்லிவிட்டோம்.

அவரிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: வேலை நடக்கும் மூன்று வாரம் கொத்தனார்கள் தோப்புக்குள் நின்று சாரம் கட்ட அனுமதி. சட்டப்படி அவர் மறுக்கலாம். பழைய பிரெஞ்சு வழக்கத்தில் பக்கத்து மனையில் ஏணி வைத்துக்கொள்ளும் உரிமைக்குத் தனிப் பெயரே இருந்தது. 1804 தொகுப்பில் அதுகூட இடம்பெறவில்லை. பெரியவர் மறுக்கவில்லை. இரண்டு பிரதி ஒப்பந்தத்தில், சுவர் சங்கத்துக்குச் சொந்தம், அதற்கு வெளியே உள்ள அரையடி நிலமும் சங்கத்தினுடையது, தோப்புக்குள் வந்து போவது அனுமதியின் பேரில் மட்டுமே, உரிமையாக அல்ல என்று எழுதி, அளவு வரைபடத்தை ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் நானும் ஒருவன். தன் பக்கம் சுவரை ஒட்டி வரிசையாகக் கிளுவை நடப்போவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். சுவர் அவருக்குச் சாட்சியாகப் போதாது போலிருக்கிறது.

இடிபாடுகளை அள்ள வரும் சனிக்கிழமை டிராக்டர் வருகிறது. கிழக்குப் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் அன்று மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். விழுந்த இரண்டு முந்திரி மரங்களுக்கு என்ன விலை என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.